பாவு என்றார்கள், பாவம் என்று கேட்டது

வலது கையை ஆகாயத்துக்கு வீசி, மைக்கை விழுங்கிவிடுவது போல் நெருங்கி, "பாவம்!" என்று முழங்கினேன்.

பின்வரிசையிலிருந்து யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள். "பாவு!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. முதல் மேடை, முதல் பேச்சு. அதற்குள் கூட்டம் என் வார்த்தையை வாங்கித் திருப்பிச் சொல்கிறது! சந்தோஷம் தாங்காமல் இன்னும் உரக்க, "ஐயோ பாவம்!" என்றேன்.

"பாவு! பாவு!" இப்போது நாலா பக்கமிருந்தும் குரல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுவர் வாலாஜாபாத்திலிருந்து வந்தவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். புலவர் ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். என் நேரம் முடிந்ததென்று மணி அடிக்க எடுத்த கையை அப்படியே நிறுத்தி, என் பக்கம் சாய்ந்தார்.

"அம்மா, சனங்க உங்களுக்காகப் பாவம் பாவம்னு பரிஞ்சு பேசறாங்க. இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கங்க."

அவருக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். மறுபடி கூட்டத்தைப் பார்த்தபோது கூட்டம் இல்லை. நாற்காலிகள்தான் இருந்தன. அதிலும் பாதி கவிழ்ந்து கிடந்தன. கீற்றுப் பந்தலின் மேல் சடசடவென்று முதல் தூறல் விழுந்தது.

அப்போதுதான் என் காது திறந்தது. அவர்கள் சொன்னது பாவம் இல்லை. பாவு.

நெசவுத் தெருவில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சேலையில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அந்தப் பட்டு நூல் மொத்தத்தையும் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயிலில் காய வைப்போம். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தால் போச்சு. கஞ்சி கரைந்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். சாயம் இறங்கும். அப்புறம் அந்தப் பட்டு எதற்கும் ஆகாது.

அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம். தூறலை முதலில் பார்த்தவர் "பாவு!" என்று கத்துவார். காதில் விழுந்தவர்கள் எல்லோரும் ஓட வேண்டும். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் ஓட வேண்டும்.

ஆனால் அன்றைக்கு வெளியே இருந்தது யாருடைய பாவு? அதில்தான் இந்த வாரச் சங்கதியே இருக்கிறது.

சமுதாயம் என் தலையில் விழுந்தது

தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வந்து, எல்லோரும் வெளியூரில் யாராவது சொந்தக்காரர் இருக்கமாட்டார்களா என்று தேடிக்கொண்டிருந்த காலம். எங்கள் தெரு இளைஞர் மன்றத்துக்கு ஆண்டு விழா. ஆட்டம் பாட்டம் வேண்டாம், பட்டிமன்றம் வைப்போம் என்று முடிவானது. தலைப்பு: 'ஈகை பெரிதும் விளங்குவது இலக்கியத்திலா, சமயத்திலா, சமுதாயத்திலா?'

இலக்கியத்துக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ் சார். சமயத்துக்குச் சின்ன காஞ்சிபுரத்து வரதன். பெருமாள் கோயிலில் பரம்பரையாகப் பாராயணம் சொல்லும் குடும்பத்துப் பிள்ளை. பகலில் வங்கியில் வேலை. சமுதாயத்துக்கு ஒரு வக்கீலைப் பிடித்திருந்தார்கள். அவர் கையை விரித்துவிட்டார்.

மன்றத்துச் செயலாளர் யோசித்தார். "இலக்கியத்துக்குப் புத்தகம் படிக்கணும். சமயத்துக்கு சாஸ்திரம் தெரியணும். சமுதாயத்துக்கு வாய் இருந்தாப் போதும்பா. நம்ம வசந்தாக்காவுக்கு இல்லாத வாயா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். அடங்கிய பிறகு வேறு யாரையாவது நினைத்துக்கொண்டால்?

எனக்குப் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குச்சியில் ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலைச் சுற்றுவது என் வேலை. தார் சுற்றுவது என்போம். அந்த வேலையில் கையும் கண்ணும் மாட்டிக்கொள்ளும். காது சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற காதில்தான் நான் படித்தேன். வானொலியில் வருகிற சொற்பொழிவு, வாசலில் போகிற சண்டை, கீரைக்காரம்மா பேரம் எல்லாமே எனக்குப் பாடம். நல்லதாக ஒரு வார்த்தை விழுந்தால் ராட்டையை நிறுத்திவிட்டு ஒரு முறை சொல்லிப் பார்ப்பேன். "யாருகிட்ட பேசற?" என்று என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

ஒரு வார்த்தை மாட்டிக்கொண்டது

பேச ஒப்புக்கொண்டாயிற்று. ஈகை என்றால் என்ன? போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டேன்.

எதிர்வீட்டு ரேணுகாம்மாவைக் கேட்டேன். வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ், கோபத்தில் இரண்டும். "குடுக்கறவங்க கை எப்பவும் மேல இருக்குது. வாங்கறவங்க அண்ணாந்தே பார்க்கணும். அதனாலதான்மா, தருமம் பண்றவங்களக் கண்டாலே எனக்குக் கழுத்து வலிக்குது" என்றாள்.

ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் போகும்போது டிரைவரைக் கேட்டேன். அதில் ஏற்கெனவே இடமில்லை. இன்னொரு அம்மாள் பிள்ளையோடு கை காட்டினாள். டிரைவர் பின்னால் திரும்பி, "கொஞ்சம் இடுப்ப நகத்துங்கம்மா, ஏறிக்கட்டும்" என்றவர், என்னைப் பார்த்து, "நீ இன்னாமோ கேட்டியே அக்கா, அது இதான். இடுப்ப நகத்தறது" என்றார். ஆட்டோவே குலுங்கிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மனதுக்குள் ராட்டை நின்றுவிட்டது. என்ன ஒரு பேச்சு! கையில் இருப்பதைக் கொடுப்பது இல்லை, உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து கொஞ்சம் விட்டுக் கொடுப்பது.

ரம்ஜான் மாதத்தில் எங்கள் பக்கத்துத் தெரு ஜரிகைக்கடை பாய் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வரும். தூக்குவாளியை வைத்துவிட்டு அவர் நிற்கவே மாட்டார். "ஏன் பாய், உள்ள வந்துட்டுப் போங்களேன்" என்றால், "நின்னா நீங்க நன்றி சொல்லுவீங்கம்மா. எனக்கு வெக்கமா இருக்கும்" என்று போய்க்கொண்டே சொல்வார்.

இப்படிச் சேர்த்துக்கொண்டே வந்தபோதுதான் கவனித்தேன். ஒருத்தர் வாயிலும் ஈகை என்ற வார்த்தை வரவில்லை. கொடை வரவில்லை. கருணை வரவில்லை. வந்ததெல்லாம் ஒரே வார்த்தை. "பாவம், பசியா இருக்கும்." "பாவம், நிக்கறாங்க." "பாவம், ஏறிக்கட்டும்." யார் எதைக் கொடுப்பதற்கு முன்னாலும் வாய் முதலில் பாவம் என்கிறது!

அது எப்படி? கோயிலில் பாவம் என்றால் செய்யக்கூடாதது. தெருவில் பாவம் என்றால் செய்ய வேண்டியது. ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு.

பட்டிமன்றத்துக்கு முன் ஒத்திகைக்கு வந்த வரதனைப் பிடித்துக்கொண்டேன்.

"நன்னா கேட்டேள் போங்கோ" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சமஸ்கிருதத்துல பாபம்னா பாபம்தான். இரக்கம்கிற அர்த்தம் அதுக்குக் கிடையாது. நம்ம பக்கத்துக்கு வந்தப்புறம்தான் இளகிடுத்து."

"எங்க வீட்லயும் அய்யோ பாபம்னுதான் சொல்லுவோம்" என்றாள் அங்கே வேடிக்கை பார்க்க வந்திருந்த ரேணுகாம்மா. "தெலுங்குலயும் அதே கதைதான்."

"அப்போ குத்தம் பண்ணவனப் பார்த்துச் சொன்ன வார்த்தை, கஷ்டப்படறவனப் பார்த்துச் சொல்ற வார்த்தையா எப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

வரதன் யோசித்தார். "முன்ன பண்ணின பாபத்துனால இப்போ கஷ்டப்படறான்னு ஒரு எண்ணம் இருந்திருக்கும். அது தேஞ்சு தேஞ்சு, காரணம் உதிர்ந்து போயி, கஷ்டம் மட்டும் கண்ணுல படறதோ என்னமோ. எனக்கு நிச்சயமாத் தெரியாதுக்கா. ஊகம்தான்."

காரணம் உதிர்ந்து போய்விட்டது! நான் ஆடிப்போய்விட்டேன். அவர் எதிர்க்கட்சி என்பதுகூட மறந்துவிட்டது. "இத நான் மேடையில சொல்லிக்கட்டுமா?" என்றேன். "தாராளமா. தோக்கறதுன்னா நல்ல வார்த்தைக்குத் தோப்போம்" என்றார்.

முனிரத்தினம் வீட்டுக் கதவு

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் முனிரத்தினத்தோடு யாரும் பேசுவதில்லை. தறியில் நல்ல கைக்காரர். கோபம் மட்டும் நெற்றியிலேயே இருக்கும். சில வருடங்களுக்கு முன், அவர் மகள் செல்வி பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது பங்குனித் திருவிழா வந்தது. அம்மன் பாட்டு போடுகிற குழாய் ஸ்பீக்கரை அவர் வீட்டு ஜன்னலுக்கு நேராகக் கட்டிவிட்டார்கள். அவர் திருப்பிக் கட்டச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. மறுநாள் அவர் கொடுத்த புகாரின் பேரில் போலீஸ்காரர் வந்து ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் அம்மன் சத்தமில்லாமல் ஊர்வலம் போனாள். எங்கள் தெருவுக்கு அது பெரிய அவமானம். "சாமி ஊமையாப் போச்சே" என்று ரேணுகாம்மா தெருவில் நின்று அழுதாள். அன்றைக்கே முடிவானது. முனிரத்தினம் வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் கிடையாது.

செல்வி நல்ல மார்க் வாங்கினாள். அதைக்கூட யாரும் விசாரிக்கவில்லை.

ஒரு தெரு முழுக்கப் பேசாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாவு நீட்டுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. இழுத்துக் கட்ட ஆள் வேண்டும், கஞ்சி போட ஆள் வேண்டும், இழை அறுந்தால் முடிய ஆள் வேண்டும். முனிரத்தினம் ஒவ்வொரு தடவையும் ஐயம்பேட்டையிலிருந்து மச்சானை வரவழைத்துக்கொண்டார். ஒரு நாள்கூட எங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பட்டிமன்றம் நடந்த ஐப்பசியில் செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கார்த்திகையில் முகூர்த்தம். மகளுக்கு முகூர்த்தச் சேலையைத் தானே நெய்யப் போகிறார் என்று சேதி மட்டும் காற்றில் வந்தது. நாளெல்லாம் மழை. விழா அன்று காலையில்தான் வெயில் முகம் காட்டியது. விழா நாளில் தெருவில் யாரும் பாவு நீட்டுவதில்லை. அவர் நீட்டினார். தெருவின் அந்தக் கோடியில், அரக்கு நிறத்தில், வெயிலில் தகதகவென்று.

"பார்த்தியா, வேணும்னே பண்றான்" என்றாள் ரேணுகாம்மா.

வேண்டுமென்றே இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அந்த வெயிலை விட்டால் அவருக்கு வேறு வெயில் இல்லை. இந்தப் பாவு போனால் மறுபடி பட்டு வாங்கி, சாயம் போட்டு, தறி ஏற்றி முகூர்த்தத்துக்கு முடிக்க முடியாது. மகள் கடைச் சேலையில்தான் மணையில் உட்காருவாள்.

மேடையிலிருந்து எல்லாம் தெரியும்

தமிழ் சார் முதலில் பேசினார். பழைய அரசர்கள் பாடி வந்தவர்களுக்கு யானை யானையாகக் கொடுத்ததைச் சொல்லி அசத்தினார். நான் குறுக்கே எழுந்து, "சார், யானைய ஓட்டிக்கினு போனவர் மறுநாள் அதுக்குத் தீனிக்கு யாருகிட்ட போய்ப் பாடினார்?" என்றேன். கைதட்டல். சாரே சிரித்துவிட்டு, "அதுக்கும் ஒரு அரசன் இருந்திருப்பான்மா. அவன் பேர் நமக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றார். அதற்கும் கைதட்டல்.

அடுத்தது வரதன். கோயிலில் கொடுப்பவர்கள் புண்ணியத்துக்காகத்தானே கொடுக்கிறார்கள் என்று நான் சீண்டினேன். அவர் அமைதியாகப் பதில் சொன்னார். "பூனை தன் குட்டியைக் கவ்வித் தூக்கறது. தூக்கறதுக்கு முன்னாடி, நீ நல்ல குட்டியா, என் பேச்சு கேட்டியான்னு விசாரிக்கறதா? பகவான் அருள் அப்படித்தான்னு எங்கள்ல ஒரு கட்சி. இல்லை, குரங்குக் குட்டி மாதிரி நாமளும் கொஞ்சம் பிடிச்சுக்கணும்னு இன்னொரு கட்சி. எங்க தெருவுல இந்தச் சண்டை எத்தனையோ தலைமுறையா தீரலை. ஆனா தூக்கறவன் தூக்குவான்கிறதுல ரெண்டு கட்சிக்கும் சந்தேகமில்லை."

கடைசியில் நான். இடுப்பை நகர்த்துவதைச் சொன்னேன். பாய் நிற்காமல் போவதைச் சொன்னேன். பிறகு என் சொத்தான அந்த வார்த்தையை எடுத்தேன். கையை வீசினேன். "பாவம்!" என்றேன்.

அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

கூட்டம் ஓடிய வேகத்தில் பந்தல் விளிம்பு வரை போய் நின்றது. ஆமாம், நின்றுவிட்டது. மேடையில் இருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது. அந்தக் கோடியில் முனிரத்தினம், அவர் மனைவி, செல்வி, ஐயம்பேட்டை மச்சான். நாலே பேர் சேர்ந்து அவ்வளவு நீளப் பாவைத் தூக்க முடியாது. தூக்கினால் நடுவில் தொய்ந்து தெருவில் விழும். முனிரத்தினம் தன் பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. திறந்து "பாவு" என்று கத்த அவருக்கு உரிமை இல்லை என்று நாங்கள்தானே வைத்திருந்தோம்.

"யாரு கத்தினது?" என்று ஒருவர் அதட்டினார்.

"நான்தான்" என்றாள் ரேணுகாம்மா. "கைமேல சொட்டு விழுந்துச்சு, கத்திட்டேன். யாரு பாவுன்னு அப்புறம்தான் பார்த்தேன்."

"இப்ப இன்னா பண்றது?"

"இன்னா பண்றதா? கத்தினத திரும்ப முழுங்க முடியுமா? ஓடுங்கடா!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள்தான் முதலில் ஓடினாள். அடுத்த நொடி தெருவே ஓடியது. தமிழ் சார் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். வரதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நான் மைக்கை விடாமல் மேடையிலேயே துள்ளிக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்கு எங்கே ஓடுவது என்றே தெரியவில்லை, அவ்வளவு பரபரப்பு!

அறிவிக்கப்படுகிறது

இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, பாவுக்குள் நடுநடுவே செருகியிருந்த குச்சிகளுக்கு அடியில் கை கொடுத்துப் பாவைத் தூக்கிவிட்டார்கள். சரி, எங்கே கொண்டு போவது? எந்த வீட்டுக்குள்ளும் அந்த நீளம் அடங்காது. தெருவில் நீளமான கூரை ஒன்றுதான் இருந்தது. எங்கள் பந்தல்.

தூக்கி வருகிறபோது ஒரு சிக்கல். எல்லோரும் ஒரே மாதிரி இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் இழை கலைந்துவிடும். முனிரத்தினம் பதற்றத்தில் தன் பக்கத்தைத் தளர விட்டுக்கொண்டே வந்தார். அவரிடம் சொல்ல வேண்டும். யார் சொல்வது? பேச்சுவார்த்தைதான் கிடையாதே!

ரேணுகாம்மா நடுவில் இருந்து என்னைப் பார்த்துக் கத்தினாள். "வசந்தா! அந்த ஆளுகிட்ட சொல்லு!"

"நான் மட்டும் எப்படிப் பேசறது?"

"உன்ன யாரு பேசச் சொன்னது? மைக்ல அறிவி!"

என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சிறந்த யோசனை அதுதான். அறிவிப்பது பேசுவது ஆகாதே! தொண்டையைச் செருமிக்கொண்டு, திருவிழாவில் குழந்தை காணாமல் போனால் சொல்கிற குரலில் ஆரம்பித்தேன்.

"பாவின் மேற்குப் பக்கத்தைப் பிடித்திருப்பவர், கயிற்றை இறுக்கிப் பிடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்!"

முனிரத்தினம் திடுக்கிட்டு ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். இறுக்கிப் பிடித்தார்.

"அவருடைய மச்சான் குழியில் கால் வைக்காமல் வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்!"

மச்சான் தாண்டினார்.

"சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வந்திருக்கும் சமயக் கட்சி, இழையைத் தொடாமல் குச்சியை மட்டும் பிடிக்கவும்!"

"பிடிச்சுண்டுதான் இருக்கேன்!" என்று வரதன் கத்தினார்.

பாவு பந்தலுக்குள் வந்து மேடை வரைக்கும் நீண்டது. ஒரு முனையைக் கட்ட இடமில்லாமல் புலவர் ஐயா கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா இது? யாரும் அவர்கிட்ட நேரா ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் கயிற்றை விட முடியாமல், வயிற்றையும் பிடிக்க முடியாமல் சிரித்தார், பாருங்கள்! பாவு முழுக்க அந்தச் சிரிப்பில் அதிர்ந்தது. "நடுவர் சிரிக்காமல் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்" என்று அதையும் அறிவித்தேன்.

கீற்றில் ஓரிடம் ஒழுகியது. எங்களுக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடைகளை எடுத்து அந்த இடத்தில் பாவின் மேல் பிடித்தார்கள். மழை கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு தெருவே இரண்டு வரிசையாக நின்று, நடுவில் அரக்குப் பட்டு ஓட, ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஈரக் கஞ்சியின் புளித்த வாசனை. நனைந்த தலைமுடியின் வாசனை. ரேணுகாம்மாவுக்கு நேர் எதிரே செல்வி. இருவருக்கும் நடுவே ஒரு முழம் பட்டுதான். செல்வி கண்ணில் தண்ணீர் நின்றது.

ரேணுகாம்மா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, "சாயம் நல்லாப் புடிச்சிருக்குது" என்றாள். கூரையிடம்தான் சொன்னாள்.

மழை விட்டது. வெயிலும் வந்தது. பாவைத் திரும்பக் கொண்டுபோய்க் கட்டினார்கள். முனிரத்தினம் குனிந்து குனிந்து இழை இழையாகப் பார்த்தார். ஓரத்தில் கொஞ்சம் சாயம் இறங்கியிருந்தது. இடுப்புக்குள் செருகுகிற பக்கம், வெளியே தெரியாது. மற்றதெல்லாம் பத்திரம்.

அவர் நிமிர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. பாய் சொன்னது போலத்தான். நன்றி சொல்லிவிடுவார் என்ற பயத்தில் எல்லோரும் நாற்காலிக்கு வந்துவிட்டார்கள்.

"ஏன் ரேணுகாம்மா, இனிமேலாவது பேசலாம் இல்ல?" என்று காதோடு கேட்டேன்.

"பூனை குட்டியத் தூக்கும், ஐயிரு சொன்னாரு. தூக்கினப்புறம் அந்தக் குட்டிகிட்ட பேசணும்னு சொன்னாரா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் அன்றைக்குக் கற்றதில் இதுதான் எனக்கு இன்றுவரை பிடித்தது. அன்பு இருந்தால்தான் உதவி வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இலக்கியத்தில் மனம் கனிந்து கொடுக்கிறார்கள். சமயத்தில் மனம் உருகிக் கொடுக்கிறார்கள். எங்கள் தெரு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கொடுத்தது. பிடிக்காத ஆளுக்கு, பிடிக்காமலேயே, கை நடுங்காமல் கொடுத்தது. எனக்கு அது ஒரு படி மேல் என்றுகூடத் தோன்றியது. தப்பாக இருந்தால் வாசகர்கள் திருத்துங்கள்.

புலவர் ஐயா தீர்ப்பைச் சொல்ல எழுந்தார். கையைப் பார்த்துக்கொண்டார். கயிறு பதிந்த இடம் சிவந்திருந்தது. "வழக்கு நிலுவையில் வைக்கப்படுகிறது. எனக்குக் கை வலிக்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என் பேச்சு பாதியில் நின்றதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. பொன்னாடை அரக்குச் சாயத்தோடு என் வீட்டுக்கு வந்தது.

வாசலில் ஓர் அறிவிப்பு

கார்த்திகை பிறந்தது. ஒரு நாள் காலை நான் தார் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு வாசலில் முனிரத்தினமும் அவர் மனைவியும் வெற்றிலைத் தட்டோடு நிற்கிறார்கள். ராட்டையை நிறுத்தினேன்.

அவர் ரேணுகாம்மாவைப் பார்க்கவில்லை. நிலைப்படியைப் பார்த்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, கணீரென்று, "எங்கள் வீட்டுப் பெண்ணின் திருமணத்துக்கு இந்த வீட்டில் உள்ள அனைவரும் வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்!" என்றார்.

ரேணுகாம்மா அசந்துபோனாள். ஆனால் அவளா விடுவாள்? வீட்டுக்குள் திரும்பி, இல்லாத யாரிடமோ உரக்கச் சொன்னாள். "குடும்பத்தோட வருவதாக அறிவிக்கப்படுகிறது! முதல் நாளே சமையலுக்கு வருவாங்கன்னும் அறிவிக்கப்படுகிறது! காபி குடிச்சிட்டுப் போகும்படியும் கேட்டுக்கொள்ளப்படுகிறது!"

வீடு வீடாக இப்படியே நடந்தது. தெரு முழுக்க அன்றைக்கு அறிவிப்புதான். சிரித்துச் சிரித்து எனக்கு நூல் மூன்று தரம் அறுந்தது.

கடைசியில் என் வாசலுக்கு வந்தார். தட்டை நீட்டினார். நிலைப்படியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அன்றைக்குப் பாதியில் நின்ற பேச்சை, திருமணத்தன்று பந்தலில் முழுதாகப் பேசி முடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்றார். நெற்றியில் இருக்கிற கோபம் அன்றைக்கு அங்கே இல்லை.

"குழாய் ஸ்பீக்கருக்குச் சொல்லியாகிவிட்டது. வீட்டில் இப்போது யாரும் பரீட்சை எழுதவில்லை என்பதும் அறிவிக்கப்படுகிறது."